யாரைப் பார்க்க வந்தீங்க?

மார்ச் 6, வியாழன்

துணியை இயந்திரத்தில் போடுவதற்கு முன் நொரியோவின் கால்சட்டைப் பைகளைத் துழாவ வேண்டும். இல்லாவிட்டால் மூக்குச் சிந்திய காகிதம் கரைந்து எல்லாத் துணியிலும் பஞ்சுபஞ்சாக ஒட்டிக்கொள்ளும். பையைக் காலி பண்ணிவிட்டுப் போடுங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். யார் கேட்கிறார்கள்?

இன்று பையில் ஒரு கிட்டார் பிக் இருந்தது, தந்தி மீட்டுகிற பிளாஸ்டிக் சில்லு. ஆரஞ்சு நிறம். ஒரு பக்கம் ஒன்றுமில்லை, மறு பக்கம் 'ஒரு பானம்' என்று முத்திரை. வேறு வீட்டுக்காரி என்றால் குப்பையில் போட்டிருப்பாள். எனக்கு இது என்னவென்று தெரியும். லைவ் ஹவுஸ் என்கிற சின்னப் பாட்டுக் கூடங்களில் வாசலிலேயே பானத்துக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு இப்படி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். உள்ளே பாரில் நீட்டினால் பீர் வரும். டாக்டர் எச்சரித்ததிலிருந்து நொரியோ குடிப்பதில்லை. அதனால்தான் நீட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

ஆனால் அங்கே இவருக்கு என்ன வேலை? குளியலறை டைல் விற்கிற கம்பெனியில் மேலாளர். கிட்டாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாத மனிதர். வியாழக்கிழமைதோறும் மொத்த வியாபாரிகளோடு கூட்டம், ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்பார். இன்றும் வியாழன். இன்றும் கூட்டம்.

மார்ச் 7

கேட்கவில்லை. பிக் என் ஏப்ரன் பையில் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

சூப்பர் மார்க்கெட்டில் என்னோடு கட்லட் பொரிக்கும் ஹமாதாவிடம் மட்டும் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் பத்து வயது பெரியது. எண்ணெயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "புது ஜட்டி வாங்கியிருக்காராக்கா?"

இல்லை, நான்தான் வாங்கிக்கொடுக்கிறேன், மூன்று சேர்ந்த பாக்கெட் என்றேன்.

"அப்ப பொம்பள விவகாரம் இல்ல. அதைவிட மோசமா வேற ஏதோ."

பின்னாலேயே போய்ப் பார்க்கச் சொன்னாள். ஒரு மனிதனுக்குப் பின்னால் ரயில் மாறி ரயில் மாறி ஒளிந்து போக என்னால் முடியாது, அசிங்கம். இடத்தைக் கண்டுபிடித்தால் போதும். அவ்வளவு பெரிய ஒசாகாவில் எங்கே போய்த் தேடுவாய் என்றாள். அவளுக்குத் தெரியாது. இந்த மாதிரி இடங்கள் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்பது ஒரு காலத்தில் எனக்கு அத்துப்படி.

மார்ச் 13, வியாழன்

வேலை முடிந்து நேராக, இளவட்டங்கள் கூடுகிற அமெரிக்காமுரா பக்கம் போனேன். போன் வரைபடத்தில் பெரிய இடங்கள்தான் வருகின்றன. சின்னதைக் கண்டுபிடிக்க வேறு வழி. சுவர் தெரியாமல் ஸ்டிக்கர் ஒட்டிய படிக்கட்டு கீழே இறங்கும். பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கரும்பலகை, அன்று பாடுகிறவர்களின் பெயர்கள் சாக்பீஸில். எதிரே ஒருத்தன் கிட்டார் உறையை முதுகில் மாட்டியபடி சாப்பாட்டுப் பொட்டலத்தோடு குந்தியிருப்பான். எதுவும் மாறவில்லை. நான் மட்டும்தான் ஐம்பத்து மூன்று வயதில் பொரித்த எண்ணெய் நாற்றத்தோடு இறங்குகிறேன்.

வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவன் கேட்டான்: "இன்னைக்கு யாரைப் பார்க்க வந்தீங்க?"

இந்தக் கேள்வியை மறந்தே போயிருந்தேன். ஓர் இரவில் நாலைந்து பேர் பாடுவார்கள். நீ யாருக்காக வந்தாய் என்று வாசலில் கேட்டு அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு போடுவார்கள். முடிந்ததும் உனக்கு எத்தனை கோடு என்று பாடியவருக்குச் சொல்வார்கள். கோடே விழாத ஆளை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். பாட்டு எப்படி இருந்தது என்பதெல்லாம் அப்புறம்.

குறிப்பாக யாருமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் பேனாவோடு காத்திருந்தான். பலகையில் கடைசியாகப் பார்த்த பெயரைச் சொல்லிவிட்டேன். உள்ளே நொரியோ இல்லை. பிக்கும் வேறு நிறம். கிளம்பலாம் என்று எழுந்தால் நான் சொன்ன பெயர்க்காரர்கள் மேடைக்கு வந்துவிட்டார்கள். ஐந்து பையன்கள். முடிந்ததும் ஐந்து பேரும் வரிசையாக வந்து இடுப்பை மடித்து வணங்கினார்கள். அவர்களுக்கென்று வந்தது நான் ஒருத்திதானாம்! பாடுகிறவன் கண்ணெல்லாம் கலங்கி, எங்கே எங்கள் பாட்டைக் கேட்டீர்கள் என்றான். வானொலியில் என்று புளுகினேன். அவர்கள் பாட்டு வானொலியில் வந்ததே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நம்பிவிட்டார்கள்.

நொரியோ எனக்கு அப்புறம்தான் வீட்டுக்கு வந்தார். கூட்டம் எப்படி என்றேன். வழக்கம்போல என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன் நான் பாடிக்கொண்டிருந்தேன். உனோ சயோகோ என்று என் பிறந்த வீட்டுப் பெயரில். உமேதாவில், ஜூசோவில், தென்மாவில். நொரியோவைச் சித்தப்பா பார்த்துக் கொண்டுவந்தார். நல்ல வேலை, நல்ல பல்வரிசை. பாட்டைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பாடு, யார் வேண்டாம் என்றது என்றார். அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

மகனுக்கு ஒரு வயது முடிந்தபின் ஜூசோவிலிருந்து ஒருமுறை கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் பாடலாம் என்றார்கள். அவர் ஒரு மாலை குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும். அப்போதுதான் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே:

"உன்னைப் பார்க்க எவன் வரப்போறான்?"

யோசித்துப் பார்த்தேன். அப்போது பழக்கமெல்லாம் விட்டுப்போயிருந்தது. ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கிட்டார் மேல் அலமாரியில் குளிர்கால மெத்தைகளுக்குப் பின்னால் போனது.

நான் வருவேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இதுதான் ஆறவில்லை. பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 27, வியாழன்

இன்று ஒரே மாலையில் நாலு இடம். உமேதாவில் நான் முதன்முதலில் பாடிய இடம் தானியங்கி கார் நிறுத்தமாகிவிட்டது. கார்கள் பெட்டிபெட்டியாக மேலே போய்க்கொண்டிருந்தன. ஜூசோவில் ஒன்று இருக்கிறது, ஆனால் எவனோ உலோகத் தகட்டை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான். அதுதான் கச்சேரியாம். வாசலில் காது அடைப்பான் இலவசமாகக் கொடுத்தார்கள். தென்மாவில் சந்தைக்குப் பின்னால் நாலாவது மாடி. லிஃப்டில் கறி வறுத்த வாசனை. ஏழு பேர்தான் கேட்கிறார்கள், ஏழு பேரும் அடுத்துப் பாடப்போகிறவர்கள்.

எல்லா வாசலிலும் அதே கேள்வி. யாரைப் பார்க்க வந்தீங்க? என் புருஷனை என்று சொல்லிவிடலாமா என்று வந்தது.

நாலாவது இடத்தில் குறிப்பாக யாருமில்லை என்று உண்மையையே சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. கோடு போட இடமில்லாத ஆள் வந்தால் அவர்களுக்குச் சங்கடம். பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இடத்தைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு நொரியோ இல்லை என்று தெரிந்த பிறகும் நான் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் பாடி முடிக்கிறவரை உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 3

கால் வீக்கம். பிக் எங்கேயும் ஆரஞ்சு இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

ட்சுருஹாஷியில். எங்கள் வீடு இருக்கிற யாஓ பக்கத்து ரயில் நிற்கிற நிலையம். எத்தனை ஆயிரம் தடவை அங்கே ரயில் மாறியிருக்கிறேன்! தண்டவாளத்துக்கு அடியில், ஊறுகாய்க் கடைகளுக்கு நடுவில் ஒரு இரும்புக் கதவு. பெயர்ப்பலகை இல்லை. கதவில் கையகல ஆந்தைப் படம் மட்டும். ஊறுகாய் வாங்க எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், மின்சாரப் பெட்டி என்று நினைத்து.

கதவைத் திறந்து நாலு படி இறங்கினால், வாசலில் வெள்ளை முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய ஒரு அம்மாள். யசுயோ என்று பெயர், கடைக்கும் அவர்தான் சொந்தக்காரர். யாரைப் பார்க்க வந்தீங்க என்றார். பலகையில் முதல் பெயர் மாஹோ. மாஹோ என்றேன். அவர் கொடுத்த பிக் ஆரஞ்சு.

முப்பது பேர் நெருக்கி நிற்கலாம், அவ்வளவுதான் இடம். பின்சுவரோடு தூணுக்கு மறைவில் நின்றேன். முதல் வரிசையில் நொரியோவின் முதுகு. எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும், சட்டைக் காலரை இஸ்திரி போட்டவள் நான். மேடையில் இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், தனியாகக் கிட்டாரோடு. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மூக்கால் பாடுகிறாள். மோசமில்லை. நொரியோ தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், தப்பும் தவறுமாக. பாட்டு முடிந்ததும் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். இவருக்கு அவ்வளவு உயரம் கை போகும் என்று எனக்குத் தெரியாது. தோள்வலி என்று வீட்டில் பல்பு மாற்றுவதுகூட நான்தான்.

பாதியில் வெளியே வந்தேன். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யார் என்று யசுயோவிடம் கேட்டேன், எதுவும் தெரியாதவள் போல.

"டைல் அண்ணனா? தங்கமான மனுஷன். ரெண்டு வருஷமா ஒரு வியாழன் தப்பினதில்ல. குழாய் ஒழுகினப்பகூட அவரே ஆள் கூட்டிட்டு வந்து சரி பண்ணார்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பாவம், அவர் வீட்டம்மாவுக்குப் பாட்டுன்னாலே ஆகாதாம். அதான் இங்க வந்து கேட்கிறார்."

பாவம்தான் என்றேன்.

ஏப்ரல் 11

பாட்டுன்னாலே ஆகாதாம். எனக்கு. எனக்குப் பாட்டுன்னாலே ஆகாதாம்! அந்தாளு கூசாம சொல்லியிருக்கார் — முகத்தைப் பாவமா வெச்சுக்கிட்டு — அதுக்கு நாலு பேர் உச்சுக் கொட்டியிருக்காங்க. ஒரு பொம்பளையோட ஓடிப்போயிருந்தாக்கூட இவ்வளவு எரிஞ்சிருக்காது. இன்னைக்குக் காலையில 'அம்மா, என் நீலச் சட்டை எங்கே'ன்னு கேட்டார். எடுத்துக் கொடுத்தேனே. நான் எடுத்துக் கொடுத்தேனே!

ஏப்ரல் 13, ஞாயிறு

அவர் முடிவெட்டப் போனபோது கிட்டாரை இறக்கினேன். தந்திகள் துருப்பிடித்து, தொட்ட விரல் காவியாகிவிட்டது. புதுத் தந்தி வாங்கினேன். விரல்நுனியெல்லாம் குழந்தைக்கு இருப்பது மாதிரி மெத்தென்று ஆகிவிட்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் கொப்புளம். பழைய பாட்டில் இரண்டு முழுசாக நினைவிருக்கிறது. மூன்றாவதில் நடுவில் ஒரு அடி காணோம்.

ஏப்ரல் 16, புதன்

யசுயோவிடம் போய் ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டார், கண்ணாடி துடைத்துக்கொண்டே. பாதியில் துடைப்பதை நிறுத்தினார். அது போதும் எனக்கு.

பிறகு வழக்கமான கேள்வி: எத்தனை பேரைக் கூட்டிட்டு வருவீங்க?

ஒருத்தர் என்றேன்.

"ஒருத்தரா? சரி, அந்த ஒருத்தராவது கட்டாயம் வருவாரா?"

வருவார், வியாழன் என்றால் வருவார் என்றேன். மே 15 கிடைத்தது. பலகையில் என்ன பெயர் எழுத என்றார். உனோ சயோகோ என்றேன்.

அந்த மாஹோவும் அங்கே இருந்தாள், விளம்பரத் தாள் மடித்துக்கொண்டு. அவளை வெறுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். என் விரலைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்துக் கொடுத்தாள். காலையில் சாப்பாட்டுப் பொட்டலக் கடையில் வேலையாம், அங்கேயும் எண்ணெய்தானாம். 15ஆம் தேதி அவளும் பாடுகிறாள். "எனக்கு அடுத்து நீங்க பாடுங்கக்கா. என்னைப் பார்க்க வர்றவங்க அப்படியே உட்கார்ந்து கேட்பாங்க" என்றாள். பெரிய மனசு. கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. பிளாஸ்திரிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சாப்பிடும்போது சொன்னேன். மே 15 வியாழக்கிழமை நான் பாடுகிறேன், வாருங்கள் என்று. கானாங்கெளுத்தி முள்ளை எடுத்துக்கொண்டிருந்தவர், எங்கே என்றார், நிமிராமல். ட்சுருஹாஷியில், ரயில் பாலத்துக்கு அடியில், ஆந்தை போட்ட கதவு என்றேன்.

குச்சிகள் நின்றன. நான் சூப்பைக் குடித்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார், ஏன் மறைத்தேன் என்று சொல்வார், அல்லது கத்துவார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மீனைத் திருப்பிப் போட்டார்.

"வரேன்," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவா இத்தனை வருடம்? பாத்திரம் கழுவும்போது என்னையே கேட்டுக்கொண்டேன். சந்தோஷமா? எனக்கு நானே அருவருப்பாக இருந்தேன். ஆனாலும் சந்தோஷம்தான்.

மே 14

மூன்றாவது பாட்டில் காணாமல்போன அடி கிடைக்கவே இல்லை. புதிதாக எழுதிவிட்டேன். பழசைவிட நன்றாக இருக்கிறது.

மே 16, வெள்ளி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நானே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

அங்கே ஒப்பனை அறை என்பது வாசலுக்குப் பக்கத்தில் ஒரு திரை. திரைக்குள் நான் தந்தி முறுக்கிக்கொண்டிருந்தேன். யசுயோ வாசலில் கேட்பதெல்லாம் கேட்டது. ஹமாதா வந்தாள். நான் கூப்பிடக்கூட இல்லை, வேலை நாளை மாற்றிக்கேட்டதில் மோப்பம் பிடித்துவிட்டிருக்கிறாள். யாரைப் பார்க்க என்று கேட்டதும், "சயோகோ! வேற யாரைப் பார்க்க இந்தப் பொந்துக்குள்ள வருவேன்?" என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. புருஷனையும் இழுத்து வந்திருந்தாள். அவர் முனகலாக, நானும் அதேதான் என்றார். இரண்டு கோடு.

பிறகு நொரியோவின் செருப்புச் சத்தம். இடது காலைத் தேய்த்து வைக்கிற நடை.

"வாங்க டைல் அண்ணே. இன்னைக்கு யாரைப் பார்க்க?"

பதில் உடனே வரவில்லை. மேலே ரயில் ஒன்று போனது. நான் தந்தியைப் பிடித்தபடி நின்றேன். ரயில் போய் முடிகிறவரைக்கும் அவர் யோசித்தார். நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன், யோசித்தார்.

"மாஹோ," என்றார்.

பாடினேன். நன்றாகவே பாடினேன், யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் கைதட்டினார், நெஞ்சு உயரத்துக்கு. புது அடி வந்தபோது ஹமாதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிந்ததும் யசுயோ வந்து உங்களுக்கு இரண்டு என்றார். முதல் தடவைக்கு மோசமில்லை, இன்னொரு நாள் தருகிறேன் என்றார். பிறகு கேட்டார்: "சொன்னீங்களே, அந்த ஒருத்தர்? அவர் வரலையா?"

அவர் முதல் வரிசையில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வரலை" என்றேன்.

மே 17, சனி

இன்று கேட்டுவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. முதலில் வாய் தவறி வந்துவிட்டது, பழக்கம் என்றார். ரயில் போகிற நேரம் முழுக்க வாய் தவறுமா என்றேன். பிறகு, என் மனைவியைப் பார்க்க வந்தேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்றார். மனைவிக்குப் பாட்டு ஆகாது என்று சொல்லத் தெரிந்ததே என்றேன். முகம் கறுத்துவிட்டது. கடைசியில் உண்மையான காரணம் வந்தது. அது நியாயம் என்றே நினைக்கிறார், அதுதான் கொடுமை. எனக்குப் புரிய வைக்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்:

"அந்தப் பொண்ணுக்கு அந்தக் கோடு வேணும்மா. ஒண்ணு குறைஞ்சா அடுத்த மாசம் மேடை கிடைக்காது. அவ வாழ்க்கையே அதுல இருக்கு. உனக்கென்ன நஷ்டம்? வீட்டோட இருக்கிறவ, ஆசைக்கு ஒரு நாள் பாடினே. நான்தான் நேர்ல வந்து கேட்டேனே?"

"நீ யாருக்காக வந்தே?" என்றேன். அவரை நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

கேட்டேனே, கேட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை.

மே 18

உனக்கென்ன நஷ்டம்.

ஜூன் 22, ஞாயிறு

ஹமாதாவின் புருஷன் கம்பெனி வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு நடையில் என் சாமான் எல்லாம் போய்விட்டது. ஒரு அறை, ட்சுருஹாஷியில் ஊறுகாய்க் கடைக்கு மேலே, ஜன்னலைத் திறந்தால் பூண்டு வாசனை. நொரியோ தடுக்கவில்லை. எப்போது திரும்பி வருவாய் என்று மட்டும் கேட்டார், நான் சித்தி வீட்டுக்குப் போகிற மாதிரி. துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தான் என்று கேட்டார். ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். பையைத் துழாவச் சொல்லி எழுதவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

நெடுநாள் ஆயிற்று எழுதி. விரல்நுனி காய்த்துவிட்டது, பேனா பிடித்தால் பேனா இருப்பதே தெரியவில்லை.

யசுயோவுக்கு இடுப்பு சரியில்லை, வாசலில் அவ்வளவு நேரம் உட்கார முடிவதில்லை. கோடையிலிருந்து வியாழக்கிழமைகளில் வாசல் மேஜையில் நான். அவர் உள்ளே பாரைப் பார்த்துக்கொள்கிறார். நான் டைல் அண்ணனின் வீட்டம்மா என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் போகிற போக்கில், "உனக்குப் பாட்டுன்னாலே ஆகாதாமே?" என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நொரியோ மே 15க்குப் பிறகு இங்கே வந்ததில்லை. ஒரு கோடு குறைந்தும் மாஹோவுக்கு மேடை குறையவில்லை. அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டுதான் இருக்கிறாள், இன்னும் மூக்கால்.

இன்று மழை. ஆறரை மணி இருக்கும், இடது காலைத் தேய்க்கிற நடை படியில் கேட்டது. நிமிரவில்லை. ஈரக் குடை, நீலச் சட்டை. காலர் இஸ்திரி இல்லாமல் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. பின்னால் வேறு இரண்டு பேர் நின்றார்கள். யாராயிருந்தாலும் கேட்டாக வேண்டியதைக் கேட்டேன்.

"இன்னைக்கு யாரைப் பார்க்க வந்தீங்க?"

இந்த முறை ரயில் எதுவும் போகவில்லை.

"உனோ சயோகோ," என்றார்.

என் முழுப்பெயரை அவர் வாயால் கேட்டதே இல்லை. கல்யாணத்துக்கு முன் உனோ, அதற்குப் பிறகு ஏய், மகன் பிறந்தபின் அம்மா. நன்றாகத்தான் இருந்தது, பெயர். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

பலகையைப் பார்த்தேன், பார்க்கத் தேவையே இல்லாமல்.

"அவங்க இன்னைக்குப் பாடலைங்க," என்றேன்.

கையில் ஏற்கெனவே காசை எண்ணி எடுத்து வைத்திருந்தார், அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். எப்போது பாடுவார்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அடுத்த வாரம் பாடுகிறேன், பலகையில் முதல் பெயர். கேட்கவில்லை. தலையை லேசாகத் தாழ்த்திவிட்டுப் படியேறிப் போனார், குடையை இங்கேயே விட்டுவிட்டு. எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறேன்.

அடுத்து நின்றவரிடம் யாரைப் பார்க்க என்றேன். மாஹோ என்றார். கோடு போட்டேன்.